இரண்டாவது முக்கோணம்

மதிய வெயில் கரும்பலகையில் பாதிவரை ஏறி நிற்கிறது. முப்பது பாகைக் கோணம், சாய்ந்த பக்கம் பத்து, கோணத்துக்கு எதிர்ப்பக்கம் ஆறு. தேர்வில் இந்த ஒரு கணக்குக்கு இரண்டு விடை எழுதியதால்தான் பலகை முன் நிற்கும் மாணவிக்கு மதிப்பெண் போய், தேர்ச்சியும் போயிருக்கிறது. வரைந்து காட்டச் சொல்கிறார் கணக்கு ஆசிரியர். அவள் சாய்ந்த கோட்டின் உச்சியில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்திக்கொண்டு, ஆறு அளவில் மறுமுனையில் கட்டிய சுண்ணக்கட்டியை வளைத்து இழுக்கிறாள். வில் இறங்கும்போது அடிக்கோட்டை ஒருமுறை வெட்டுகிறது, ஏறும்போது இன்னொருமுறை. இரண்டு புள்ளிகளையும் உச்சியோடு சேர்க்கிறாள். அகலமாக ஒரு முக்கோணம், அதற்குள்ளேயே ஒடுங்கலாக இன்னொன்று.

"சார், ரெட்டைப் புள்ள!" என்கிறது கடைசி பெஞ்ச். சிரிப்பு எழுந்து, தானாகவே அடங்குகிறது.

"விடைக்குறிப்புல ஒண்ணுதாம்மா இருக்கு." ஆசிரியரின் குரல் தணிகிறது. "சின்னதை அழிச்சிடு. பாஸ் போட்டுடறேன்."

அவள் துடைப்பானை எடுத்து அவர் கையில் வைக்கிறாள்.

"அதுல என்ன தப்புன்னு சொல்லிட்டு நீங்களே அழிங்க சார்."

அவர் துடைப்பானை மேசைமேல் வைத்துவிட்டு, நூலை வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். சுண்ணக்கட்டி அதே இரண்டு இடங்களில்தான் கோட்டை வெட்டுகிறது. இடத்துக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் போவதாக இல்லை.