வந்த நேரம்

போன வாரக் கூட்டத்தில், சர்வருக்குத் தகவல் தாமதமாக வருகிறதென்று இளம்பரிதி மெஹருன்னிசாவை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினான். கேபிள்கள் அவள் பொறுப்பு. இன்றுதான், சர்வரில் கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் கார்டு தானே பதித்துவைக்கும் நேரத்தை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு தகவலும் சரியான நேரத்துக்கு வாசலில் வந்து நின்றிருந்தது. அதை உள்ளே வாங்க வேண்டிய, அவன் எழுதிய டிரைவர் நிரல்தான் சாவகாசமாக எழுந்துபோய், கதவைத் திறந்த நேரத்தை வந்த நேரமென்று குறித்திருந்தது. அவனுக்குக் காது மடல் சுட்டது. அப்போது அவள் வந்தாள், விரல்நுனிகள் கறுத்திருந்தன. "எல்லா கேபிளையும் மாத்திட்டேன் சார். இப்ப நேரத்துக்கு வருதா?" உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு, "வருது" என்றான். அது பொய்யில்லை. "அப்ப தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க சார்" என்றாள். அவன் முதுகுக்குப் பின்னால் கார்டு நேரம் பதித்துக்கொண்டே இருந்தது.