ஏழேகால் மணி நேரம்

கதவு சாத்தியதுமே மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே உயிரோடு இருக்கிறவர். இங்கே பிரேக் இல்லை.

"பெல்ட் போட்டாச்சா?" என்றாள் மனைவி.

"போட்டாச்சு. எப்போ போய்ச் சேரும்?"

"ஐயாயிரத்து நானூறு கிலோமீட்டர். ஏழேகால் மணி நேரம். நடுவுல இறங்க முடியாது."

பெல்ட் என்பது அவருடைய பழைய இடுப்பு வார். விமானம் என்பது வீட்டு ஸ்டோர் ரூம். மனைவி பேசியது கதவுக்கு வெளியிலிருந்து.

வெள்ளிக்கிழமை, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். முதல் பிரசவத்தின்போது விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மூச்சு முட்டுகிறது என்று மாஸ்டர் எழுந்துவிட்டார். "உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று மனைவியையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பேரனுக்கு இப்போது மூன்று வயது; இருவரும் அவனைப் போனில்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த முறை அவள் ஒத்திகை வைத்துவிட்டாள். நாளை மறுநாள் பயணம், இன்று காலை ஆறு மணிக்குப் பரீட்சை. வெளியே தாழ்ப்பாள், கையில் போன் கிடையாது, இரண்டு பிஸ்கட் பாக்கெட், தண்ணீர், மூலையில் ஒரு வாளி. ஷூ மாட்டி, தலை வாரி, ஏர்ஹோஸ்டஸ் வேஷம்கூடக் கட்டியிருந்தாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு பத்து நிமிடம்தான்.

"திற. செத்துடுவேன் போல இருக்கு."

"யாரும் சாகலை. மணிக்கு ஒரு தடவை தட்டுறேன், எண்ணிக்கிட்டே இருங்க. இனிமே பேச மாட்டேன். பேசினா நீங்க கெஞ்சுவீங்க, நான் திறந்துடுவேன்."

முதல் தட்டு வந்தபோது மாஸ்டர் கெஞ்சினார். இரண்டாவதுக்குத் திட்டினார். தட்டு பலமாகத்தான் விழுந்தது, பதில் இல்லை. கோபமாக இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவதுக்கு அழுதேவிட்டார். ஓடிப்போக வழியில்லாத இடத்தில் பயம் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும்? ஐந்தாவது தட்டில் மூச்சு சீராக வந்தது. தன் பயத்துக்காக அவளையும் இத்தனை வருஷம் கட்டிப் போட்டுவிட்டோமே என்று முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. வெளியே போனதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

ஏழேகால் மணி நேரம் முடிந்து தாழ்ப்பாள் விலகியது. சட்டை தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார் மாஸ்டர். எதிரே மனைவியின் தம்பி நின்றிருந்தான்.

"பாஸாயிட்டேன்டா மச்சான். உங்கக்கா எங்க?"

அவன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

"இந்நேரம் பாதி தூரம் தாண்டியிருப்பா, மாமா."