பின்பெஞ்சுக் குரல்

"உண்மையச் சொல்லுங்கடா. தியாகு எங்க போனான்? சத்தியமா யாரையும் அடிக்க மாட்டேன்."

கலியாணசுந்தரம் வாத்தியார் இப்படிக் கேட்டதும் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

காஜா பேராங்கில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளியின் சுவரெல்லாம் பிள்ளைகள் தீட்டிய காகிதக் கொடிகள். மாதக் கடைசியில் மெர்டேக்கா, சுதந்திர நாள். வெள்ளைக்காரன் போய்விடுவான் என்று பிள்ளைகள் நம்பினார்கள். பிரம்பு போகும் என்று ஒருவரும் நம்பவில்லை.

தியாகு எங்கே போனான் என்பது எல்லாருக்கும் தெரியும். உஜோங் பாசிர் கடலோரச் சேற்றில் தரைதட்டிக் கிடக்கும் படகைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறான். தண்ணீர் வற்றிய நேரத்தில் போய், சாப்பாட்டு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னான்.

சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

காலையில் வருகை எடுத்தபோது பின்பெஞ்சிலிருந்து சுப்பையன்தான் குரலை மாற்றி அவனுக்காக "உள்ளேன் ஐயா" சொன்னான். அந்த வகுப்பில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அது. மற்றவர்களுக்காகச் சொல்லும்போது சில நாள் மாட்டிக்கொள்வார்கள். தியாகுவுக்காகச் சொல்லி மாட்டியதே இல்லை. அந்தப் பெயரை வாசிக்கும்போது மட்டும் வாத்தியார் நிமிரவே மாட்டார்.

மஜீதா மட்டும் சன்னல் வழியே வெயிலைப் பார்த்தாள். அவளுடைய அத்தா அந்தக் கரையில் மீன் பிடிப்பவர். இன்றைக்கு மத்தியானப் பாங்குக்கு முன்பே தண்ணீர் ஏறிவிடும் என்று காலையில் அவர் சொல்லியிருந்தார். அந்தச் சேறு காலைப் பிடித்தால் லேசில் விடாது.

பாதி எழுந்தாள். மேசைமேல் கிடந்த பிரம்பைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதமும் வாத்தியார் இப்படித்தான் சத்தியம் செய்தார். சன்னல் கண்ணாடியை உடைத்தவன் உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்றார். அதை நம்பி எழுந்து நின்றவன் தியாகு. உள்ளங்கை வீங்கிப்போய், பல நாள் அவனால் பென்சில் பிடிக்க முடியவில்லை.

அன்றோடு அந்த வகுப்பு வாத்தியாரை நம்புவதை விட்டுவிட்டது. கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது மகா கேவலம் என்பதும் அன்றைக்கே முடிவானது.

வாத்தியார் பிரம்பை எடுத்தார். பிள்ளைகள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அவர் அதை முழங்காலில் வைத்து ஒடித்து, சன்னலுக்கு வெளியே எறிந்தார்.

அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. பிரம்புக்கா பஞ்சம்? நாளைக்கு வேறு வரும்.

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. மஜீதா விசும்ப ஆரம்பித்தாள்.

மேசையில் தூக்குச்சட்டி திறக்கப்படாமல் இருந்தது. வாத்தியாரின் மனைவி காலையில் அவருக்கும் மகன் தியாகுவுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த சாப்பாடு. சொந்தப் பிள்ளைக்கு மட்டும் சலுகையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அன்றைக்கு அவனை அப்படி அடித்தார். அந்தக் கை இப்போது சட்டியின் பிடியை விடாமல் பற்றியிருந்தது.

அவர் நிமிர்ந்தார். மகனின் காலி இடத்தைப் பார்த்தபடி, வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"தியாகு..."

சுப்பையனின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"உள்ளேன் ஐயா."