அடிப்பிடித்த சோறு

சோறு அடிப்பிடித்துவிட்டது. மணத்திலேயே இராசதுரைக்கு விளங்கிவிட்டது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் பதினைந்து நிமிடத்தில் எமிலியா வந்துவிடுவார். மகள் மயூரா கட்டப்போகிறேன் என்று நிற்கிற செபஸ்ரியனின் தாய். பெண்ணைப் பெற்றவரை நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்று செனகலிலிருந்து நோர்வேயின் ஹொல்ம்லியா வரைக்கும் வந்திருக்கிற மனுஷி.

அவருக்கே அவர் ஊர் மீன்சோற்றைச் சமைத்துப் போடலாம் என்று இராசதுரை துணிந்ததுதான் வினை.

மீனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கொட் மீன் வெட்டிய கை. துண்டுகளில் துளை போட்டு, உள்ளியும் மிளகாயும் பார்ஸ்லி இலையும் அரைத்துத் திணித்து, பொரித்து, தக்காளிக் குழம்பில் மரவள்ளிக்கிழங்கோடும் முட்டைக்கோவாவோடும் அவியவிட்டார். மீனை எடுத்துவிட்டு, அதே குழம்பில் குறுணல் அரிசியைப் போட்டார். எல்லாம் யூடியூபில் பதினொரு தடவை பார்த்துப் பழகியது. வீடியோவில் சமைத்துக் காட்டிய பெண் பேசிய பிரெஞ்சில் ஒரு சொல்லும் விளங்காது. கண்ணால் கண்டதுதான் பாடம்.

குறுணல் காலை வாரிவிட்டது.

பானையும் இந்த அடுப்புக்குப் பழகாதது. மூன்று வருடமாகப் பல்கனியில் சும்மா கிடந்ததை, வேறு பெரிய பானை இல்லையென்று எடுத்திருந்தார்.

நல்லகாலம், மேற்சோறு தப்பியிருந்தது. அதைப் பெரிய தட்டத்தில் கொட்டி, மீனை நடுவில் அடுக்கினார்.

“பிள்ளை, இந்தப் பானையைத் திரும்பப் பல்கனியிலை வை. அந்த மனிசியின்ரை கண்ணிலை படக்கூடாது.”

மயூரா பானையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தூக்கிக்கொண்டு போனாள்.

எமிலியா வந்து, அந்த ஒரே தட்டத்தில் எல்லோரோடும் கைவைத்து நன்றாகவே சாப்பிட்டார். ஆனால் கண் அடிக்கடி சமையலறைப் பக்கம் போனது. கடைசியில் மகனிடம் ஏதோ கேட்டார். அடியில் பிடித்ததுதானே ருசி, அதை ஏன் தரவில்லை என்று அம்மா கேட்பதாகச் செபஸ்ரியன் நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

வீடியோவின் முடிவில் அந்தப் பெண் பானையைச் சுரண்டியது இராசதுரைக்கு ஞாபகம் வந்தது. கழுவுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

வேறு வழியில்லை. பானை வந்தது. இராசதுரை தலை நிமிரவில்லை.

எமிலியா அடியைச் சுரண்டினார். முதல் துண்டை உடைத்து இராசதுரையின் முன்னால் வைத்தார். பிறகு பானையைத் திருப்பினார். கைப்பிடியில் ஆணியால் கீறிய சின்னச் சிலுவை இருந்தது. அவருடைய விரல் அதில் நின்றது.

அவர் மகனுக்குக் கொடுத்தனுப்பிய பானை அது. மூன்று வருடத்துக்கு முன், செபஸ்ரியன் முதன்முதலாக இந்த வாசலுக்கு வந்தபோது, இதே சோற்றைச் சமைத்து அதில்தான் கொண்டுவந்தான். இராசதுரை கதவைத் திறக்கவில்லை. வாசலில் அவன் வைத்துவிட்டுப் போன சோற்றை மறுநாள் குப்பையில் கொட்டியதும் அவர்தான்.

எமிலியா கீறலைத் தடவினார். இராசதுரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

செபஸ்ரியன் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்.

“மாமா, கலியாணத்துக்கு இந்தப் பானை காணாதாம், பெரிசு வேணுமாம்.”

இராசதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்னால் இருந்த கருகல் துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

நல்ல ருசியாகத்தான் இருந்தது.