தேனீ வளர்க்கும் மண்வீடு

"இந்தச் சுவர் சுவாசிக்குது சார்" என்று அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

கொல்லைப்புறத்து உறுமல் ஒன்று மெல்லத் தேய்ந்து அடங்கியது.

கூடத்தில் ஆறு பேர். பசுமை இல்ல விருதுக்காக வீடு பார்க்க வந்த நடுவர்கள் மூவர். வீட்டுக்காரரான அவர். மனைவி நீலாவதி. வீட்டைக் கட்டிய கொத்தனார் அருளப்பன், போட்டோவுக்கு வரச் சொல்லியிருந்ததால் இஸ்திரி போட்ட சட்டையில் ஓரமாக.

நடுவர் குழுத் தலைவர் கதர் ஜிப்பா போட்டிருந்தார். தோளில் துணிப்பை. பைக்குள் செம்புக் குடுவை, வெளியே தெரிகிற மாதிரி.

"அந்தத் தேனீச் சத்தம் நின்னுடுச்சே?" என்றார் தலைவர்.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அது என்ன சத்தம் என்று கேட்டபோது, பின்னால் தேனீ வளர்க்கிறோம் என்று சொல்லியாகிவிட்டது.

"மத்தியானத்துல கொஞ்சம் தூங்கும் சார்."

நீலாவதி தரையைப் பார்த்தாள்.

வாழைமரங்களுக்குப் பின்னால், கீற்றுத் தட்டி மறைப்பில் இருந்தது ஏசியின் வெளிப்பெட்டி. உள்பெட்டி கூடத்து மர அலமாரிக்குள்.

முப்பது வருடம் சிமெண்ட் விற்று ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வுபெற்ற மறுநாளே சிமெண்டுக்கு எதிரியானார். மண்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வீடு கட்டினார். நாற்பது பக்கத்தில் புத்தகம் போட்டார். போகிற கல்யாணத்திலெல்லாம் ஏசி மண்டபத்தில் உட்கார்ந்து ஏசியைத் திட்டினார்.

முதல் கோடையிலேயே வீடு வெந்தது.

யாரிடம் சொல்ல முடியும்?

ஏசிக்காரரைக் கடை வண்டியில் வராமல் ஆட்டோவில் வரச் சொன்னார்.

விருது கிடைத்தால், ஊருக்கு வெளியே வரப்போகிற நூறு வீட்டுக் குடியிருப்புக்கு அவர்தான் ஆலோசகர். கிடைக்காவிட்டால் சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது. 'மண்ணுக்குள்ள போறதுக்கு அதுக்குள்ள என்ன அவசரம்?' என்று கேட்ட சம்பந்தி.

சித்திரை வெயில். மணி பன்னிரண்டு.

இரண்டாவது நடுவர் விருதுப் படிவத்தால் விசிறிக்கொண்டார். மூன்றாமவர் கட்டடக்கலை படித்த பெண். "நல்ல... கதகதப்பு" என்றார், மரியாதையாக. தலைவரின் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் விடாமல் பேசினார். சுவர் சுவாசித்ததோ என்னவோ, உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு முட்டியது.

அருளப்பன் அண்ணாந்து பார்த்தார்.

"சார், மேல இருந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சது?"

கிரகப்பிரவேசத்தன்று, கூரையை ஒட்டிய அந்தத் துவாரங்களில் ஒன்றில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. கீழே கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். மிச்சத்தைக் கவுன்சிலரின் சட்டை சொன்னது. மறுநாளே தெர்மகோல் வெட்டி எல்லாவற்றையும் அடைத்து, மேலே மண் நிறத்தில் பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

"புறா..." என்று இழுத்தார் அவர்.

"புறா வந்தா வலை கட்டணும் சார். மூக்கையா அடைப்பாங்க?"

அருளப்பன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்துக் குத்தினார். தெர்மகோல் பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. தலைவர் தலையில் அட்சதை போட்ட மாதிரி.

பன்னிரண்டு துவாரம்.

பிறகு இறங்கி, சோபாவை நகர்த்தி, தோட்டத்துப் பக்கம் தரையோரமாக இருந்த நான்கு சின்னக் கதவுகளைத் திறந்தார்.

முதலில் ஒன்றுமில்லை.

அப்புறம் காலண்டர் தாள் அசைந்தது.

அப்புறம் நீலாவதியின் முந்தானை.

குளுகுளு என்றெல்லாம் இல்லை. வேப்பமரத்தடியில் நிற்கிற மாதிரி. ஆனால் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கீழே நுழைந்து, வெந்த காற்றை மேலே தள்ளி வெளியேற்றிவிட்டு, திரும்பவும் வந்தது.

பெண் நடுவர் வெறுங்காலைத் தரையில் நன்றாகப் பதித்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தபடியே வந்தது காற்று. ஒரு வரி பிசகவில்லை.

"ஏங்க, நெசமாவே வருதுங்க!" என்றாள் நீலாவதி, நடுவர்கள் இருப்பதை மறந்து.

தலைவர் தொண்டையைச் செருமினார். படிவத்தை விரித்தார். கடைசிக் கேள்வி.

"குளிர்சாதன இயந்திரம் உண்டா, இல்லையா?"

மூன்று மாதமாகக் கண்ணாடி முன் பழகிய பதில் நாக்கு நுனியில் நின்றது. 'இயற்கைக்கு எதுக்கு சார் இயந்திரம்?' எந்த இடத்தில் லேசாகச் சிரிக்க வேண்டும் என்பதுகூடப் பழகியிருந்தார்.

காற்று அவர் பிடரி வியர்வையை ஆற்றிவிட்டுப் போனது.

"ஒண்ணு இருக்கு சார்."

அவர் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. போய் அலமாரியைத் திறந்து காட்டினார்.

"இனிமே வேண்டியதில்ல."

அருளப்பன் எட்டிப் பார்த்தார். "அடடே, ராணித் தேனீ இங்கயா இருக்கு!"

முதலில் நீலாவதிதான் சிரித்தாள். பெண் நடுவருக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார், பழகாத இடத்தில்.

தலைவர் சிரிக்கவில்லை. அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் வைத்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போய் மழைநீர்த் தொட்டியைப் பார்த்துட்டு வாங்க" என்றார் சக நடுவர்களிடம். அருளப்பன் வழிகாட்டிக்கொண்டு போனார். நீலாவதி மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

தலைவர் தோளில் ஒட்டியிருந்த தெர்மகோலைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இதைக் கழட்டத்தானே போறீங்க?"

"ஆமா சார். நாளைக்கே."

தலைவரின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"எத்தனை டன்?"