மாமனார் ஊர் ரிப்பேர்

இருமாமல், செருமாமல், கார் மறுபடியும் நின்றுவிட்டது. நின்ற இடம், கடியாபட்டியில் சொக்கநாதனின் மாமனார் வீட்டு வாசல்.

"இந்தப் பாழாப்போன வண்டியை என் தலையில கட்டுன திருச்சிக்காரன் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்று முன்சீட்டில் இருந்த சொக்கநாதன் பல்லைக் கடித்தார். டிரைவர் மரியசூசை இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டான். பின்சீட்டில் அவர் மனைவி கண்ணம்மை, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன கார், பல கை மாறி இவரிடம் வந்திருந்தது. ஹாரனை அமுக்கினால் முனகும், கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், மழை பெய்தால் உள்ளே இருப்பவர்தான் முதலில் நனைவார். ஆனாலும் மதுரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, ஆவுடையார்கோவிலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ராயவரத்திலிருந்து திருமயம் போகிற வழியில், இந்த ஓர் ஊரில் மட்டும் நின்றுவிடும். புதுக்கோட்டை மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், கடைசியில் கண்திருஷ்டி என்று சொல்லி முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டி அனுப்பிவிட்டார்.

திருஷ்டியாவது மண்ணாவது. எல்லாம் கண்ணம்மையின் கைவரிசை.

அவள் தம்பி கல்யாணத்தில் எவனோ விவரங்கெட்டவன், வீட்டு மாப்பிள்ளையை இரண்டாம் பந்திக்கு நிறுத்திவிட்டான். அவ்வளவுதான், சொக்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபை கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மாமனார் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு எத்தனையோ முறை வந்து அழைத்துப் பார்த்தார். சபையில் சொன்ன சொல்லை எப்படி முழுங்குவது? புருஷன் மிதிக்காத படியைப் பெண்டாட்டியும் மிதிக்க முடியாது. போகிற வழியில் இருக்கிற பிறந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் கண்ணம்மை தவித்துப்போனாள்.

அதனால்தான் மரியசூசையைப் பிடித்தாள். ஆவூர்க்காரன், ஆச்சி சொல்லைத் தட்டமாட்டான். டிரைவருக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில், காலடியில், பெட்ரோல் வரும் குழாய்க்கு ஒரு திருகு உண்டு. ஊருணிக் கரையில் அதை மூடிவிட்டால், மிச்சமிருக்கிற பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, கார் சரியாக அவள் அப்பச்சி வீட்டு வாசலில் நிற்கும்.

கார் நின்று என்ன பிரயோசனம், மனுஷர் இறங்கினால்தானே. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி சீட்டிலேயே அழுத்தமாக உட்கார்ந்திருப்பார். கண்ணம்மை கார் ஜன்னல் வழியே ஆத்தா முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இன்றைக்கு அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். பெற்றவர் மாலையும் கழுத்துமாக நிற்கும்போது பக்கத்தில் நிற்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று முந்தின ராத்திரி முழுக்க அழுதாள். பக்கத்தில் படுத்திருந்த சொக்கநாதன் அந்தப் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டார்.

விடிந்ததும் அவராகவே, புதுக்கோட்டை கோகர்ணத்தில் அர்ச்சனை பண்ணணும் என்றாயே, இன்றைக்கே போய்வரலாம் என்றார். என்ன நாள் என்பதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது, எல்லாம் அம்பாள் செயல் என்று கண்ணம்மை அவசரமாகப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். மரியசூசையிடமும் ரகசியமாகச் சொல்லிவைத்தாள். ஆனால் காரில் ஏறும்போது சொக்கநாதன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சூசை, இன்னிக்கு மட்டும் வண்டி அந்த ஊர்ல நின்னுச்சு, நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

வழியெல்லாம் அவள் மரியசூசையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாவம், பிள்ளைகுட்டிக்காரன், எப்படித் துணிவான்? ஊருணிக் கரை வந்தது. சொக்கநாதன் குனிந்து, காலடியில் வைத்திருந்த வெற்றிலைப் பெட்டியைத் துழாவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணம்மை கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்பாளைக் கும்பிட்டாள். திறந்தபோது, இதோ, வாசலில் கட்டிய வாழைமரம் தெரிந்தது.

நாயனச் சத்தம் நின்றது. கழுத்தில் மாலையோடு மாமனாரே தெருவுக்கு வந்துவிட்டார். வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, வண்டி சரியாகும் வரைக்கும் உள்ளே நிழலில் இருக்கக்கூடாதா என்று கெஞ்சினார். எவ்வளவு நேரமாகும் என்று சொக்கநாதன் டிரைவரைக் கேட்டார். மத்தியானம் ஆகிவிடும் என்று பானெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வண்டி மக்கர் பண்ணிருச்சு, அதனால வாரேன். யாரும் வேற மாதிரி நெனைச்சுக்கிற வேணாம்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, சொக்கநாதன் படி ஏறினார்.

கண்ணம்மை ஓடிப்போய் ஆத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பச்சி பக்கத்தில் நின்று கண்குளிரப் பார்த்தாள். முதல் பந்தியில் முதல் இலை மாப்பிள்ளைக்குத்தான். வண்டி ரிப்பேருக்காக ஒதுங்கிய மனுஷர், பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தி முடிந்ததும் கண்ணம்மை ஒரு தட்டு நிறையப் பலகாரம் எடுத்துக்கொண்டு காரடிக்கு வந்தாள். அவளுக்கு மறுபடியும் கண் கலங்கியது.

"ஒன் வேலைக்கு நான் பொறுப்பு, சூசை. அவுக அப்படிச் சொல்லியும் பயப்படாம திருகை மூடுனியே, இந்த நன்றியை மறக்கமாட்டேன்."

மரியசூசை, வீட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வேலை போனாப் போகுதுன்னு நானும் கையைக் கீழ விட்டேன் ஆச்சி. அங்க ஏற்கெனவே மொதலாளி கை இருந்துச்சு."