நடுவில் எண் மூன்று

"ஆல்பத்தை மூடாத தம்பி. என்னோடது உள்ள இருக்கு."

ஸ்டான்லி கதவை மறித்து நின்றார். தன் ஆல்பத்தை மூடப்போன ராம்பிரசாத்தின் கை பாதியில் நின்றது.

"எதுண்ணே?"

"குதிரைவண்டி."

மேசைமேல் ஸ்டான்லியின் ஆல்பம் திறந்து கிடந்தது. அதில் குதிரைவண்டிப் படம் போட்ட ஐந்து அமெரிக்கத் தபால்தலைகள், சுருளாக அச்சானதிலிருந்து தனித்தனியாகப் பிரிக்காத ஒரே பட்டையாக. நடுத் தலையின் அடியில் பொடியாக அச்சுத் தகட்டின் எண்: 3. ராம்பிரசாத்திடமும் அதே பட்டை, அதே எண். ஆனால் வேறு மை. பழுப்பில் ஒரு துளி சிவப்பு கூடுதல். அந்தச் சிவப்பு அச்சில் மூன்றாம் எண் கிடைப்பது அபூர்வம்.

"ஒப்பிட்டுப் பாக்க ரெண்டையும் பக்கத்துல வச்சோம். எடுக்கையில மாத்திட்டே."

"செவப்பு என்னோடதுண்ணே. பழைய கவர் மூட்டையில கெடைச்சது."

"யாருக்குக் காட்டியிருக்க?"

"உங்களுக்குத்தான் மொதல்ல கொண்டாந்தேன்."

"நல்லாச் சொல்றே. எங்கிட்ட சாட்சி இருக்கு."

ஸ்டான்லி மாடிப்படியில் குனிந்து குரல் கொடுத்தார். முத்துப்பேச்சி ஏறி வந்தாள். அவர் குடோனில் இருபது வருடமாக ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிப்பவள். வியாபாரிகள் தவறவிடுவதை அவள் விடமாட்டாள்.

"காலையில டீ கொண்டாந்தியே. எனக்கு முன்னால லென்சுக்கு அடியில இருந்தது எது?"

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டையும் பார்த்தாள். ராம்பிரசாத்தின் ஆல்பத்தைக் காட்டினாள்.

"இதான் மொதலாளி. மத்தது வெளுத்தது."

"நல்லாப் பாருக்கா!"

"பாத்துட்டேன் அப்பு. காயில இம்புட்டு வித்தியாசம் இருந்தாலே நான் வேற சாக்குல போட்ருவேன்."

"என்னோடதை ஒங்க லென்சுக்கு அடியில எடுத்து வச்சதே நான்தாண்ணே!"

ஸ்டான்லி குரலை உயர்த்தவில்லை. "ஏலம் முடிஞ்சு யாவாரிக கீழ நிக்கிறாக. கூப்புடவா? நாளைக்குக் காய் ஏலத்துல அவுக கூடத்தான் நீயும் உக்காரணும்."

ஜன்னலுக்குக் கீழே யாரோ சிரித்தார்கள். ராம்பிரசாத் இடுக்கியை எடுத்தான். பட்டையின் ஓரத்தைப் பிடித்தான்.

"பாத்து. தலையோட ஓரத்துப் பல்லு மடங்கிரும்."

பட்டையை மேசையில் வைத்தான். தன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

"போலீசுல சொல்லலியா மொதலாளி?"

"வேணாம். சின்னப்பய. பொழச்சுப் போறான். நீ சோலியப் பாரு."

அவள் போனதும் ஸ்டான்லி கதவைத் தாழிட்டார். வெளுத்த பட்டையை இருந்த இடத்திலேயே விட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 'எண் 3, சிவப்பு மை' என்று தலைப்பு எழுதிப் பன்னிரண்டு வருடமாக வெறுமையாகவே கிடந்த கட்டத்தில், ராம்பிரசாத் வைத்துவிட்டுப் போன பட்டையைச் செருகினார்.